ஐரிஷ் பேசும் ஊர்களின் வாக்கு: ஊதராஸ் ந கேல்டாக்டா ஆணையத்தின் தேர்தல் கதை

அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில், கால்வே வட்டாரத்துக் கோனமாராவிலோ டோனகலின் மலைச்சரிவுகளிலோ, இன்று முப்பத்தைந்து வயதில் இருக்கும் ஒருவர் வீட்டிலும் பள்ளியிலும் ஐரிஷ் மொழியையே பேசி வளர்ந்திருக்கக்கூடும். அவருடைய ஊரின் வளர்ச்சிக்கென்றே ஓர் அரசு ஆணையம் இருக்கிறது. அதன் பெயர் ஊதராஸ் ந கேல்டாக்டா. தொழிற்சாலைக்கு மானியம், மழலையர் பள்ளிக்கு உதவி, மொழியைக் காப்பதற்கான திட்டம் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. அந்த ஆணையத்தின் வாரியத்தில் யார் உட்கார வேண்டும் என்று அவர் இதுவரை வாக்களித்ததே இல்லை. கடைசியாகத் தேர்தல் நடந்தது 2005 ஏப்ரலில். அன்றைக்குப் பதினெட்டு வயது நிறைந்திருந்தவர்களோடு அந்த வாக்குரிமை நின்றுபோனது. இருபது ஆண்டுகள் வாக்குப்பெட்டி திரும்பி வரவில்லை.

ஒரு சிறுபான்மை மொழியைப் பேசுகிறவர்களுக்கு அவர்களுடைய வட்டாரத்திலேயே நேரடி வாக்கு கொடுத்து, முப்பது ஆண்டுகள் அதை நடத்திக் காட்டிவிட்டு, பிறகு எடுத்துவிட்ட நாடுகள் அதிகம் இல்லை. ஏன் கொடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், இப்போது ஏன் திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது என்பதைப் பார்த்தால், மொழிக்கான அமைப்புகளை யார் நடத்த வேண்டும் என்ற கேள்வியின் கடினமான பகுதிகள் எல்லாம் அதற்குள் கிடக்கின்றன.

முதலில் இடத்தைப் பற்றி. ஐரிஷ் அன்றாட மொழியாக இருப்பதாக அரசு அறிவித்துள்ள பகுதிகளுக்கு மொத்தமாகக் கேல்டாக்ட் என்று பெயர். கால்வே, டோனகல், மேயோ, கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்ட், மீத் என ஏழு கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், துண்டு துண்டாக, தீவுகளையும் சேர்த்து, இது சிதறிக் கிடக்கிறது. இன்றைய எல்லைகள் பெரும்பாலும் 1956-ல் வரையப்பட்டவை. பின்னர் சில ஊர்கள் சேர்க்கப்பட்டன. மீத் கவுண்டியில் இருக்கும் ராத்கார்ன் இயற்கையாக அமைந்த ஐரிஷ் ஊர்கூட இல்லை. 1935-ல் கோனமாராவின் ஏழைக் குடும்பங்களைக் கொண்டுவந்து கிழக்கே நிலம் கொடுத்துக் குடியமர்த்திய இடம் அது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேல்டாக்ட் முழுவதும் வாழ்பவர்கள் 1,06,220 பேர். ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் 65,156 பேர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுகிறவர்கள் 20,261 பேர் மட்டுமே. இந்த மூன்றாவது எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் விவகாரத்தின் சிக்கல் முழுவதும் முதல் எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியிலிருந்து பிறப்பது.

கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு

1950களின் இறுதியில் கேல்டாக்ட் பகுதிகளின் கைத்தொழில்களை நடத்த கேல்டாரா ஏரன் என்ற அரசு நிறுவனம் உருவாக்கப்பட்டது. கம்பளித் துணி, பின்னலாடை, பொம்மை போன்றவற்றைச் செய்து விற்றது. வேலை கொடுத்தால் மக்கள் ஊரைவிட்டுப் போக மாட்டார்கள், மக்கள் இருந்தால் மொழி இருக்கும் என்பதுதான் அன்றைய கணக்கு. பாஸ்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் லண்டனுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிய ஊர்கள் அவை. அதனால் அந்தக் கணக்கைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் முடிவெடுத்தவர்கள் டப்ளினில் இருந்தார்கள்.

1969-ல் கோனமாராவில் கேல்டாக்ட் குடிமை உரிமை இயக்கம் தோன்றியது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கர்களும் அமெரிக்காவில் கறுப்பின மக்களும் எழுப்பிய அதே முழக்கத்தின் காற்று இங்கும் வீசிய காலம். இயக்கத்து இளைஞர்கள் மானியம் கேட்கவில்லை. தங்கள் மொழியில் வானொலி வேண்டும், தங்களுக்கென்று ஓர் உள்ளாட்சி வேண்டும் என்று கேட்டார்கள். 1970-ல் அனுமதியில்லாத ஒரு வானொலியைத் தாங்களே ஒலிபரப்பிக் காட்டினார்கள். 1972-ல் அரசு ரேடியோ ந கேல்டாக்டாவைத் தொடங்கியது. அந்தக் கோரிக்கை வென்றுவிட்டது.

உள்ளாட்சிக் கோரிக்கையின் விதி வேறாக இருந்தது. கோனமாராவில் குடியேறி வாழ்ந்த எழுத்தாளர் டெஸ்மண்ட் ஃபென்னல் போன்றவர்கள் கேல்டாக்ட்டுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று தொடர்ந்து எழுதினார்கள். பள்ளி, சாலை, வீடு கட்டும் அனுமதி, தொழில் எல்லாம் ஐரிஷ் பேசும் மக்களே தேர்ந்தெடுக்கும் ஓர் அவையின் கீழ் வர வேண்டும் என்பது அந்த எண்ணத்தின் சாரம். பத்தாண்டு விவாதத்துக்குப் பின் 1979-ல் வந்த சட்டம் பாதி வழியில் நின்றது. கேல்டாரா ஏரனைக் கலைத்து, அதன் தொழில் வேலைகளைப் புதிய ஆணையத்திடம் கொடுத்தது. ஆணையத்தின் வாரியத்துக்குத் தேர்தலையும் சேர்த்தது. பள்ளி கல்வித் துறையிடமே இருந்தது. சாலையும் வீட்டு அனுமதியும் கவுண்டி கவுன்சில்களிடமே இருந்தன. 1980 ஜனவரி 1 அன்று ஊதராஸ் ந கேல்டாக்டா பிறந்தது. தலைமையகம் கால்வே நகருக்கு மேற்கே ந ஃபோர்பகா என்ற கடலோர ஊரில்.

ஆக, உள்ளாட்சி கேட்டவர்களுக்குத் தேர்தலுள்ள ஒரு தொழில் வளர்ச்சி வாரியம் கிடைத்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தக் குறை ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். வாக்கு இருந்தது, அந்த வாக்கால் மாற்றக்கூடிய விஷயங்கள் குறைவாக இருந்தன.

யார், எத்தனை இடம், எப்படி

முதல் வாரியத்தில் பதின்மூன்று பேர். ஏழு பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், ஆறு பேரை அமைச்சர் நியமித்தார். தொகுதிகள் மூன்று: டோனகலுக்கு இரண்டு இடம், கால்வே, மேயோ, மீத் மூன்றுக்கும் சேர்த்து மூன்று, கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்ட்டுக்குச் சேர்த்து இரண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு ஒரே ஓர் ஆள் பெரும்பான்மை. அந்த ஏழு பேரும் ஒரே கட்சியாக இருந்ததும் இல்லை.

தேர்தல்கள் 1979, 1985, 1989, 1994, 1999, 2005 என்று நடந்தன. 1999-ல் பெரிய மாற்றம் வந்தது. வாரியம் இருபது பேராக விரிந்தது. பதினேழு பேர் தேர்தலில் வர, மூவரை மட்டும் அமைச்சர் நியமித்தார். கவுண்டி ஒவ்வொன்றும் தனித் தொகுதியானது: கால்வேக்கு ஆறு, டோனகலுக்கு நான்கு, மேயோவுக்கும் கெர்ரிக்கும் இரண்டிரண்டு, கார்க், வாட்டர்ஃபோர்ட், மீத் மூன்றுக்கும் ஒவ்வொன்று. ராத்கார்னும் அதன் அக்கம்பக்கமும் சேர்ந்து இரண்டாயிரம் பேரைச் சுற்றித்தான் இருப்பார்கள்; முதல்முறையாக அவர்களுக்கென்று ஒரு குரல் வந்தது. வாக்களிக்கும் முறை அயர்லாந்தின் மற்றத் தேர்தல்களைப் போலவே ஒற்றை மாற்று வாக்கு. வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்த வேண்டும். முதல் விருப்பமானவர் தோற்றாலோ தேவைக்கு மேல் வாக்கு வாங்கினாலோ அடுத்த விருப்பத்துக்கு வாக்கு நகரும்.

இந்தத் தேர்தல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இடக்கணக்கையும் கட்சிக்கணக்கையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அயர்லாந்தின் நாடாளுமன்றத் தேர்தல் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. கவுண்டி கவுன்சில் கூட்டங்களும் ஏறக்குறைய முழுக்க ஆங்கிலத்தில்தான். நாடு முழுவதற்குமான ஐரிஷ் மொழி அமைப்பாகிய ஃபோரஸ் ந கேல்கேயின் வாரியம் நியமனத்தால் வருவது. ஊதராஸ் தேர்தல் ஒன்றில்தான் வேட்பாளர்கள் ஐரிஷ் மொழியில் வாக்குக் கேட்டு, ரேடியோ ந கேல்டாக்டாவில் ஐரிஷில் சண்டை போட்டு, வென்ற பின் ஐரிஷிலேயே நடக்கும் கூட்டத்தில் அமர்ந்தார்கள். பாட்டும் கதையும் மட்டும் ஒரு மொழியைத் தாங்காது. கோபப்படவும், கணக்குக் கேட்கவும், ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கவும் அந்த மொழி பயன்பட வேண்டும். 2012-ல் தேர்தலை நீக்கியபோது, ஐரிஷ் மொழியில் நடந்த ஒரே பொதுத் தேர்தல் அரசியலும் கூடவே போயிற்று. அதற்கு எந்தச் செலவுக் கணக்கிலும் இடமில்லை.

குறைகள் பொய்யல்ல

தேர்தல் இருந்த காலம் பொற்காலம் என்று சொன்னால் அது உண்மைக்குப் புறம்பு. பெரிய கட்சிகள், குறிப்பாக ஃபியானா ஃபால், இந்த வாரியத்தைத் தங்கள் உள்ளூர்ப் பிடிக்கு ஓர் ஏணியாகப் பயன்படுத்தின. உறுப்பினர்களில் பலர் ஏற்கெனவே கவுண்டி கவுன்சிலர்கள். 1999-க்குப் பின் இருபது பேர் என்பது அளவுக்கு அதிகம் என்ற குறையும், கூட்டப்படி பயணப்படி பற்றிய முணுமுணுப்பும் கேல்டாக்ட்டுக்குள்ளேயே இருந்தன.

தொழில் கொள்கையிலும் ஒரு வலி இருந்தது. வெளியிலிருந்து வந்த நிறுவனங்கள் கிளைத் தொழிற்சாலை திறந்தபோது மேலாளர்களும் பொறியாளர்களும் ஆங்கிலம் பேசுகிறவர்களாக வந்தார்கள். வேலை கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு கிளாஸ்கோவிலிருந்து டோனகலின் க்வீடோருக்குத் திரும்பிய குடும்பங்களில் பிள்ளைகளின் தாய்மொழி ஆங்கிலமாக இருந்தது. ஊரில் ஆள் கூடியது, பள்ளிக்கூட மைதானத்தில் ஆங்கிலமும் கூடியது. மானியம் வாங்கும் நிறுவனங்களுக்கு மொழி நிபந்தனைகள் விதிக்கப்பட்டாலும், ஆலை மூடிவிடுமோ என்ற பயத்துக்கு முன்னால் அவற்றைக் கறாராகப் பிடிப்பது கடினம். இருந்தாலும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட முழுநேர வேலைகளை இந்த ஆணையத்தின் ஆதரவு பெற்ற நிறுவனங்கள் தாங்கி நிற்கின்றன. அந்த வேலைகள் இல்லாத கேல்டாக்ட் இன்னும் வெறிச்சோடியிருக்கும்.

எல்லாவற்றையும்விட ஆழமான சிக்கல் வாக்காளர் பட்டியலில் இருந்தது. இந்தத் தேர்தலில் வாக்குரிமை முகவரியைப் பொறுத்தது. கேல்டாக்ட் எல்லைக்குள் வீடு இருந்தால் வாக்கு உண்டு. ஐரிஷ் பேசினாலும் பேசாவிட்டாலும் ஒன்றுதான். 1956-ல் எல்லை வரைந்தபோது கால்வே நகரின் மேற்கு விளிம்பில் வயல்களாக இருந்த நாக்னகாரா இன்று நெருக்கமான புறநகர்க் குடியிருப்பு. மருத்துவமனையிலும் பல்கலைக்கழகத்திலும் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்கள் குடிவந்த இடம். அங்கே தெருவில் ஐரிஷ் காதில் விழுவது அரிது. எல்லை மட்டும் மாறவில்லை. ஆகவே அந்தப் புறநகரின் ஒரு வாக்கும், வீட்டில் ஐரிஷ் தவிர வேறு பேசாத, கோனமாராவின் காரரோ என்ற ஊர் மீனவரின் ஒரு வாக்கும் சமம். சனநாயகத்தில் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்பீர்கள். சரிதான். ஆனால் மொழிச் சமூகத்துக்கான ஆணையத்தில் மொழிச் சமூகமே மெல்ல மெல்லச் சிறுபான்மை வாக்காளராகிப்போகும் ஆபத்து அதில் இருந்தது. யாரும் அதை நேருக்கு நேர் பேசவில்லை. எல்லையைச் சுருக்கினால் மானியம் இழக்கும் ஊர்கள் கோபப்படும்; மொழித் தேர்வு வைத்து வாக்குக் கொடுத்தால் அது வேறுவிதமான அநீதி.

2012: ஒரே சட்டத்தில் இரண்டு காரியங்கள்

2008-ல் அயர்லாந்தின் வங்கிகள் கவிழ்ந்தன. 2009 ஜூலையில் வெளியான அரசுச் செலவுக் குறைப்புக் குழுவின் அறிக்கை, ஊதராஸின் தொழில் பணிகளை நாட்டின் பொதுவான தொழில் வளர்ச்சி நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. அது அப்படியே நடக்கவில்லை. ஆனால் ஆணையத்தின் மூலதன நிதி சில ஆண்டுகளுக்குள் கால்வாசி அளவுக்குச் சுருங்கியது. 2010-ல் வர வேண்டிய தேர்தலைச் சட்டத் திருத்தம் மூலம் தள்ளிவைத்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் ஐரோப்பிய ஒன்றியமும் பன்னாட்டு நிதியமும் மீட்புக் கடனோடு டப்ளினுக்கு வந்தன. அதன் பிறகு, எந்த வாரியத்தைச் சிறிதாக்கலாம், எந்தச் செலவை வெட்டலாம் என்பதுதான் அரசின் அன்றாடக் கேள்வியானது.

2011-ல் ஃபினே கேலும் தொழிற்கட்சியும் சேர்ந்து ஆட்சிக்கு வந்தன. கேல்டாக்ட் விவகாரங்களுக்கான இணையமைச்சர் டின்னி மெக்கின்லி. டோனகல் கேல்டாக்ட்டைச் சேர்ந்தவரே. அவர் கொண்டுவந்த 2012 கேல்டாக்ட் சட்டம் ஊதராஸ் தேர்தலை நீக்கியது. தேர்தல் ஒன்றுக்குச் சுமார் 5 லட்சம் யூரோ மிச்சமாகும் என்பது அரசுத் தரப்பின் வாதங்களில் ஒன்று. ஐந்து ஆண்டுக்கு ஒரு தேர்தல் என்றால் ஆண்டுக்கு ஒரு லட்சம். கேல்டாக்ட்டின் ஒரு லட்சம் மக்களுக்கு வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு யூரோ. ஒரு கோப்பைத் தேநீர்கூட அந்த விலைக்குக் கிடைக்காது. கீழவையில் அந்த மசோதா விவாதத்துக்கு வந்தபோது, திருத்தங்களை ஏற்காமல் அவசரமாக நிறைவேற்றுகிறார்கள் என்று எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்தார்கள். 2012 ஜூலை இறுதியில் அதில் கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிகின்ஸ், 1990களில் கேல்டாக்ட் துறைக்கு அமைச்சராக இருந்து ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியை உருவாக்கியவர்.

புதிய வாரியம் பன்னிரண்டு பேர். ஏழு பேரை அமைச்சர் நியமிப்பார். மீதி ஐந்து பேரைக் கவுண்டி கவுன்சில்கள் அனுப்பும்: டோனகல், மேயோ, கால்வே, கெர்ரி ஒவ்வொருவர், கார்க், வாட்டர்ஃபோர்ட், மீத் மூன்றும் முறைவைத்து ஒருவர்.

இந்த ஐந்து இடங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தேர்தல் போனாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்கள் வழியே மக்கள் குரல் இருக்கிறது என்று அரசு சொன்னது. ஆனால் கால்வே கவுண்டி கவுன்சிலின் உறுப்பினர்களில் பலர் பலினஸ்லோ, டுவாம் போன்ற கிழக்குப் பகுதிகளிலிருந்து வருகிறவர்கள். அவர்களுடைய வாக்காளர்களுக்கு ஐரிஷ் பள்ளிப் பாடம். கோனமாராவின் பிரதிநிதி யார் என்று அவர்களும் சேர்ந்து முடிவு செய்வார்கள். எல்லாக் கவுண்டிகளிலும் இதே நிலைதான். கேல்டாக்ட் எங்கேயும் தன் கவுண்டிக்குள் சிறுபான்மை. அடுத்தது எண்ணிக்கை. கேல்டாக்ட் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கால்வேயில் இருக்கிறார்கள். 1999, 2005 தேர்தல்களில் அவர்களுக்கு இருபதில் ஆறு இடம் உறுதியாக இருந்தது. 2012-க்குப் பின் பன்னிரண்டில் ஒன்று. மேயோவுக்கு எத்தனையோ அத்தனையே.

நியமன முறைக்கும் ஒரு நியாயம் உண்டு. கணக்கு, சட்டம், தொழில் நிர்வாகம், மொழித் திட்டமிடல் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து வாரியத்தில் வைக்கலாம். 2014-க்குப் பின் அரசு வாரியப் பதவிகளுக்கு வெளிப்படையாக விண்ணப்பம் கோரும் வழக்கமும் வந்தது. சிறிய வாரியம் வேகமாக வேலை செய்யும். இவற்றை நான் மறுக்கவில்லை. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. வாரியம் அமைச்சகத்தோடு மோத வேண்டிய நாள் வரும்போது, ஏழு பேரை அந்த அமைச்சரே நியமித்த வாரியம் எவ்வளவு தூரம் மோதும்? நிதியைக் கால்வாசியாக வெட்டும்போது “எங்களை அனுப்பிய மக்களிடம் நாங்கள் என்ன சொல்வது” என்று கேட்க வாரியத்துக்குப் பின்னால் மக்கள் இருக்க வேண்டும்.

அதே 2012 சட்டத்தின் இன்னொரு பகுதியைப் பார்த்தால்தான் இந்த விவகாரத்தின் முழு எடை தெரியும். கேல்டாக்ட் முழுவதையும் 26 மொழித் திட்டப் பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஓர் உள்ளூர் அமைப்பு முன்வந்து, தங்கள் பகுதியில் ஐரிஷ் எப்படி உயிர்வாழப் போகிறது என்று திட்டம் தீட்ட வேண்டும். கூட்டம் போட்டு, ஆய்வு நடத்தி, ஆவணமாக்கி, அமைச்சரின் ஒப்புதல் பெற்று, பிறகு நடைமுறைப்படுத்த வேண்டும். திட்டம் தராத பகுதி கேல்டாக்ட் என்ற தகுதியையே இழக்கலாம் என்று சட்டம் எச்சரித்தது. உள்ளூர் அமைப்புகள் என்றால் கூட்டுறவுச் சங்கங்கள், ஊர் மன்றங்கள். சம்பளமில்லாமல் மாலை நேரங்களில் கூடுகிறவர்கள். அவர்களுக்குத் துணையாக ஊதராஸ் இருக்கும், ஓரிரு ஊழியர்களுக்கு நிதி வரும்.

மொழியைக் காப்பாற்றும் பொறுப்பை ஊர்க்காரர்களின் தோளில் ஏற்றிய அதே சட்டம், அவர்கள் கையிலிருந்த வாக்கை எடுத்துவிட்டது. ஐரிஷ் குறைந்தால் ஊர் பதில் சொல்ல வேண்டும். பணம் எங்கே போகிறது, எந்த முன்னுரிமையில் போகிறது என்று தீர்மானிக்கும் வாரியம் மட்டும் ஊருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. செலவு மிச்சம் என்ற வாதத்தைவிட இதுதான் 2012 சட்டத்தின் மீது எனக்கு இருக்கும் பெரிய வருத்தம்.

காலமும் குறைவு. 2007-ல் அரசுக்காகச் செய்யப்பட்ட விரிவான மொழியாய்வு, இருக்கும் போக்கு தொடர்ந்தால் மிக வலுவான கேல்டாக்ட் பகுதிகளில்கூட ஐரிஷ் சமூகத்தின் முதன்மை மொழியாக இன்னும் 15 முதல் 20 ஆண்டுகளே நீடிக்கும் என்று எச்சரித்தது. மக்கள்தொகையில் 67 விழுக்காட்டுக்கு மேல் தினமும் பேசினால்தான் ஓர் ஊரில் மொழி தானாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பது அந்த ஆய்வின் அளவுகோல். அந்த 15–20 ஆண்டின் பெரும்பகுதி வாக்கில்லாத காலமாகவே கழிந்துவிட்டது. 2016-ல் தினமும் பேசியவர்கள் 20,586 பேர், 2022-ல் 20,261. மொத்த மக்கள்தொகை கூடியிருக்கும்போது இந்த எண் இறங்கியிருக்கிறது. தேர்தல் இருந்திருந்தால் இது நின்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். தேர்தல் இருந்த காலத்திலும் இறங்கத்தான் செய்தது.

வேறு நாடுகள் எடுத்த வழி

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகள் 1975 வரை இரண்டு நிலப்பகுதிக் கவுண்டிகளுக்கு இடையே பிளவுபட்டுக் கிடந்தன. அந்த ஆண்டு லூயிஸ் முதல் பாரா வரையிலான தீவுகள் எல்லாம் சேர்ந்து தங்களுக்கென ஒரு கவுன்சில் பெற்றன. ஐரிஷின் உறவு மொழியான கேலிக் பேசும் மக்கள் பெரும்பான்மையாக இருந்த நிலப்பரப்புக்கு, பள்ளியும் சாலையும் வீடும் அடங்கிய முழு உள்ளாட்சி. கோனமாரா இயக்கத்தார் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். கவுன்சில் தொடக்கத்திலேயே இருமொழிக் கொள்கை எடுத்தது. ஆனாலும் 2022 கணக்கெடுப்பில் அந்தத் தீவுகளிலேயே கேலிக் பேசுகிறவர்கள் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். அதிகாரம் இருந்தால் மட்டும் போதும் என்று நம்புகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நார்வே வேறு பாதையில் போனது. வட ஐரோப்பாவின் பழங்குடிகளான சாமி மக்களுக்கென 1989-ல் திறக்கப்பட்ட சாமி நாடாளுமன்றத்துக்கு வாக்குரிமை முகவரியால் வருவதில்லை. தன்னைச் சாமி என்று கருதுகிறவர், தனக்கோ பெற்றோருக்கோ தாத்தா பாட்டிக்கோ கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டிக்கோ சாமி வீட்டு மொழியாக இருந்திருந்தால், தனி வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆஸ்லோவில் வாழ்ந்தாலும் வாக்கு உண்டு. நாக்னகாராவின் சிக்கல் அங்கே எழாது. அதற்குப் பதிலாக, யார் சாமி, யார் இல்லை என்ற கசப்பான தகராறு எழுகிறது. குறிப்பாக ஃபின்லாந்தில் அது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அயர்லாந்தில் இந்த வழி இன்னும் கடினம். ஐரிஷ் அரசியல் சட்டப்படி நாட்டின் முதல் அதிகாரபூர்வ மொழி, எல்லா ஐரிஷ் மக்களுக்கும் உரியது. ஐரிஷ் பேசுகிறவர்களை ஒரு தனி இனமாக எண்ணும் வழக்கம் அங்கே இல்லை; அப்படி எண்ணத் தொடங்கினால் மொழிக்கே கேடு என்று நினைக்கிறவர்களும் உண்டு.

திரும்பி வரும் வாக்கு

2020-ல் ஃபியானா ஃபால், ஃபினே கேல், பசுமைக் கட்சி மூன்றும் சேர்ந்து அமைத்த அரசு, ஊதராஸ் வாரியத்தின் அமைப்பை மறுபரிசீலனை செய்வதையும் தேர்தலை மீண்டும் கொண்டுவருவதையும் தன் ஆட்சித் திட்டத்தில் எழுதியது. தேர்தலை ஒழித்த கட்சியும் அதில் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். கேல்டாக்ட்டின் ஊர் அமைப்புகள் பத்தாண்டுக்கு மேல் விடாமல் கேட்டதன் பலன் இது. 2024-ல் அதற்கான திருத்த மசோதா வந்தது. வாரியம் பன்னிரண்டைவிடப் பெரிதாகும். பெரும்பான்மை இடங்கள் மறுபடியும் மக்களின் நேரடி வாக்கால் நிரம்பும் என்பது அதன் அடிப்படை. நியமன உறுப்பினர்களும் இருப்பார்கள். நிபுணத்துவ வாதத்துக்கு அதில் இடம் கிடைக்கிறது. 1979-இன் சிறிய பெரும்பான்மைக்கும் 1999-இன் பெரிய கூட்டத்துக்கும் நடுவிலான அளவு இது. எனக்கு இது சரியான அளவாகவே படுகிறது.

இனி வரும் விவாதம் இரண்டு இடங்களில் நடக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்று, தொகுதி. கால்வேயை ஒரே தொகுதியாக வைத்தால் புறநகரின் எடை கோனமாராவை அழுத்தும். தொகுதிகளை 26 மொழித் திட்டப் பகுதிகளின் கோட்டோடு ஒட்டி வரைந்தால் யாருடைய வாக்கையும் பறிக்காமல், யாரிடமும் மொழித் தேர்வு கேட்காமல், ஐரிஷ் அடர்த்தியாக வழங்கும் பகுதிகளுக்கு உறுதியான இடங்கள் கிடைக்கும். தெற்குக் கோனமாராவுக்கும் ஆரன் தீவுகளுக்கும் ஒன்று, நகரின் விளிம்புக்கு ஒன்று என்று பிரிப்பது சட்டத்துக்கு உட்பட்டதே. மீத்துக்கும் வாட்டர்ஃபோர்ட்டுக்கும் 1999-ல் தனி இடம் கொடுத்தபோது சிறிய சமூகத்துக்குக் கூடுதல் எடை தரலாம் என்பதை அயர்லாந்து ஏற்றுக்கொண்டதுதானே.

இன்னொன்று, வீடு. இன்று கேல்டாக்ட்டில் இளைஞர்களிடம் போய் எது பெரிய பிரச்சினை என்று கேட்டால் தொழிற்சாலையைச் சொல்ல மாட்டார்கள். கடலோர வீடுகளை விடுமுறைக்காக வாங்கிப்போடுகிறவர்களால் விலை ஏறிவிட்டது, வாடகைக்கு வீடில்லை, சொந்த அப்பாவின் நிலத்தில் வீடு கட்ட அனுமதி கேட்டால் கவுண்டி கவுன்சில் மறுக்கிறது, வேறு வழியில்லாமல் கால்வே நகருக்கோ டப்ளினுக்கோ போகிறார்கள். ஐரிஷ் பேசும் இளம் தம்பதி ஊரைவிட்டுப் போனால் ஐரிஷ் பேசப்போகும் குழந்தையும் கூடவே போகிறது. மொழித் திட்ட அலுவலர் எத்தனை கோடை முகாம் நடத்தினாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. வீட்டு அனுமதி 1979-ல் கவுன்சில்களிடமே விடப்பட்ட அதிகாரம். அரை நூற்றாண்டு நெருங்கும்போது அந்தப் பழைய பங்கீட்டை மறுபடி திறக்காமல் தேர்தலை மட்டும் திருப்பித் தந்தால், வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர் வீட்டு வாசலில் கேட்கப்போகும் முதல் கேள்விக்கே அவரிடம் பதில் இருக்காது. ஊதராஸ் வாரியத்துக்குத் தன் எல்லைக்குள் வரும் வீட்டுத் திட்டங்களில் சட்டப்படி ஒரு பங்கு வேண்டும்: ஐரிஷ் பேசும் குடும்பத்துக்கு முன்னுரிமை தரும் விதிகளை வகுப்பதில், தன் கையில் இருக்கும் தொழிற்பேட்டை நிலத்தை வீட்டுக்குத் திருப்புவதில், கவுன்சில் மறுக்கும்போது காரணம் கேட்பதில். 1979-ல் மறுக்கப்பட்ட கோரிக்கையின் மிகச் சிறிய துண்டு இது.